அணைத்த பிறகும் கடித்த குழாய்

நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாளியின் உள்பக்கம் நீர்மட்டம் நின்ற இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். குழாய் வாய் பூத்துப்போய்த் தண்ணீர் நாலு பக்கமும் சிதறும். குடிக்க நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்து வைப்போம். குளிக்கவும் துவைக்கவும் இந்த உப்புத் தண்ணீர்தான். அப்பா அரசு ஊழியர். 1980களில் என்.ஜி.ஓ. காலனிப் பக்கம் இடம் வாங்கிக் கட்டிய வீடு. மொட்டைமாடியில் நின்றால் மேற்கே தேனி ரோட்டை ஒட்டி நாகமலை நீண்டு கிடப்பது தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து மார்கழியில் இறங்கும் காற்று, மதுரை டவுனில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், விடியற்காலையில் கையை விறைக்க வைக்கும்.

அப்பா இருந்தவரை வெந்நீர் என்றால் கொல்லைப்புற அடுப்பும் தவலையும்தான். அவர் போன பிறகு, அம்மாவுக்கு மூட்டுவலி, குனிந்து தவலையை இறக்க முடியவில்லை என்று 15 லிட்டர் கீசர் ஒன்று வாங்கி மாட்டினோம். 2000 வாட். அது பல வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அம்மா அதை ‘ஹீட்டரு’ என்பார்.

ஒரு மார்கழிக் காலை, குளித்துவிட்டு வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “ஏப்பா, வெந்நிக் குழா எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குங்குது.”

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பேச வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், “ஈரக் கையோட தொட்டா அப்படித்தாங்க இருக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கங்க” என்றார். உறவுக்காரர் ஒருவர், சுவிட்சை அணைத்துவிட்டுக் குளித்தால் தீர்ந்தது என்றார். அம்மா சொன்ன பதில்தான் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

“அணைச்சிட்டுத்தான் குளிக்கிறேன். போட்டிருக்கையில தொட்டா லேசாத்தான் இருக்கு. அணைச்சதுக்கப்புறந்தான் சுள்ளுன்னு கடிக்குது.”

அணைத்த சாதனத்தில் கரண்ட் எப்படி வரும்? வயசாயிற்று, நரம்புத் தளர்ச்சி, சர்க்கரையால்கூட விரல் குறுகுறுக்கும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கீசரில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை. சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் நன்றாகச் சுட்டது, பியூஸ் போகவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: சூடாகிற கீசர் நல்ல கீசர் என்று அர்த்தமில்லை. தண்ணீரைச் சூடாக்குவது ஒரு வேலை, கரண்டை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வது இன்னொரு வேலை. முதல் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே இரண்டாவதில் தோற்றுப்போன கீசர்தான் ஆளைக் கொல்லும்.

கீசர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வயர்மேன் மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் உறவில்லை. அந்தப் பக்கத்து வீடுகள் பாதிக்கு வயரிங் இழுத்தவர், அப்பாவுக்குப் பழக்கம், நாங்கள் சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். சாயங்காலம் டி.வி.எஸ். வண்டியில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மா சொன்னதைக் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டார்.

“அணைச்சப்புறம் கூடுதலா கடிக்குதாக்கா? நல்லா நெனவு வச்சுச் சொல்லுங்க.”

“ஆமா தம்பி. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, அப்படித்தான் இருக்கு.”

“அப்ப பாயிண்டுல பேஸும் நியூட்ரலும் மாறிக் கெடக்கு. காயிலு நடுவுல எங்கயோ ஓட்டை. எர்த்தும் இல்ல. மூணும் சேந்திருக்கு” என்றார். குளியலறைக்குள் இன்னும் அவர் காலெடுத்து வைக்கவில்லை.

அவர் சொன்ன கணக்கு எனக்கு அன்றைக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் அம்மா சொன்னது எவ்வளவு துல்லியமான அளவு என்று புரிந்தது. கீசரின் காயில் ஒரு நீளமான கம்பி. ஒரு முனையில் பேஸ், 230 வோல்ட். மறுமுனையில் நியூட்ரல், ஏறக்குறைய பூஜ்யம். கீசர் ஓடும்போது இந்த வோல்ட் கம்பி நெடுகப் படிப்படியாக இறங்குகிறது. நடுவில் பாதிதான் இருக்கும். ஓட்டை நடுவில் விழுந்தால் தொட்டிக்குக் கசிவது அந்தப் பாதி. இப்போது சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் பேஸ் வயரில் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும். தவறுதலாக நியூட்ரல் வயரில் மாட்டியிருந்தால்? விளக்கு அணையும், காயில் சூடாகாது, ஆனால் பேஸ் உள்ளேயேதான் நிற்கிறது. திரும்பிப்போக வழியில்லாததால் கம்பி முழுதும் 230 வோல்ட். ஓட்டை வழியே வெளியே வருவதும் முழு 230. போட்டிருக்கையில் லேசாக, அணைத்தபின் சுள்ளென்று. மீட்டர் இல்லாமல் ஒரு விரலால் அம்மா கண்டுபிடித்ததைத்தான் நாங்கள் நரம்புத் தளர்ச்சி என்று பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் ஒருவர் ‘ஷாக் அடிக்குது’ என்று சொன்னால் எப்போது, எங்கே தொட்டபோது, எது ஓடிக்கொண்டிருந்தபோது என்று கேட்க வேண்டும். அந்த மூன்று பதிலில் பழுது பாதி தெரிந்துவிடும்.

மாமா முதலில் குளியலறைச் சுவிட்ச் பாயிண்டுக்குத்தான் போனார். அதற்கு முன்பு கூடத்தில், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் பக்கத்துப் பாயிண்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். செத்துப்போன டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. கரண்ட் இல்லை என்று டெஸ்டர் சொல்வதை நம்பும் முன், கரண்ட் இருக்கும் இடத்தில் அது உண்மை பேசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். கீசர் பாயிண்டில் சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்தார். எரிந்தது. வீடு கட்டிய காலத்தில் யாரோ வயரை மாற்றி மாட்டியது, இத்தனை வருஷமும் அப்படியே இருந்திருக்கிறது.

அடுத்தது எர்த். இந்தச் சோதனைக்கு முன் எல்லோரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். “குழாயத் தொடக் கூடாது, பிரிட்ஜத் தொடக் கூடாது, இரும்புச் சாமான் எதையும் தொடக் கூடாது.” வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கினார். ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். இழை சிவக்கக்கூட இல்லை. எர்த் செத்திருந்தால் அந்தப் பல்பு வழியே வரும் பேஸ், எர்த் வயரோடு இணைந்த எல்லாச் சாமானின் உடம்பிலும் ஏறி நிற்கும். அதனால்தான் எங்களை வெளியே அனுப்பினார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பல்பு வயரோடு உட்கார வேண்டாம். வேலை தெரிந்தவர் செய்யும்போது ஏன் நம்மைத் தள்ளிப் போகச் சொல்கிறார் என்பது தெரிந்தால் போதும்.

எர்த் எங்கே போயிற்று என்று தேடினோம். அப்பா காலத்தில் வாசல் ஓரம் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு நிரப்பியிருந்தார்கள். கோடையில் அதன் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வழக்கம். பிறகு வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது அந்தக் குழி டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. தண்ணீர் காணாமல் மண் காய்ந்து, பைப்போடு வயர் சேரும் போல்ட்டு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. மாமா ஒரு டைல்ஸை உடைத்து எடுத்துக் காட்டினார்: பச்சை வயரின் முனை மண்ணில் தனியாகக் கிடந்தது. சுவரில் மூன்று ஓட்டைப் பாயிண்ட், பிளக்கில் மூன்று பின், உள்ளே மூன்று வயர். எல்லாம் ஒழுங்காக இருந்து கடைசியில் ஒன்றுமில்லாத இடத்தில் போய் முடிந்திருக்கிறது.

நான் பார்த்த பழுதுகளில் இதைப்போல மறைந்து கிடப்பது வேறில்லை. எர்த் இல்லாவிட்டாலும் எல்லாச் சாமானும் ஓடும். பேஸோ நியூட்ரலோ போனால் வீடே இருண்டுவிடும், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுவோம். எர்த் போனது, கூடவே இன்னொன்று கெடுகிற நாளில்தான் தெரியும்.

கீசரை இறக்கும் வேலை மறுநாள் காலை. மெயினை அணைத்து, பீஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் மாமா. யாராவது தெரியாமல் வந்து மெயினைப் போட்டுவிடுவார்கள் என்பதற்காக. கழற்றும் முன் பிளக்கின் பின்களில் மல்டிமீட்டரை வைத்தார்: 26 ஓம்சுக்குக் கொஞ்சம் மேல். 2000 வாட் காயிலுக்கு 230 வோல்ட்டில் வர வேண்டிய அளவு அதுதான். காயில் அறுந்திருந்தால் மீட்டர் அசையவே அசையாது. பிறகு கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கரை எடுத்துப் பின்னுக்கும் உடம்புக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்த்தார். நல்ல கீசரில் ஒரு மெகா ஓமுக்கு மேலே இருக்க வேண்டியது, இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண மீட்டர் நல்லது என்று சொன்ன காயிலை மெக்கர் கெட்டது என்றது. பல ஊர்களில் பழுது பார்க்க வருபவர்கள் முதல் மீட்டரோடு நிறுத்திவிட்டு, ‘காயில் நல்லாத்தான் இருக்கு’ என்று போய்விடுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை, மெக்கர் விலை கூடுதல். ஆனால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிடும்போது ‘மெக்கர் இருக்கா?’ என்று கேட்பது நம் உரிமை.

கீழே வரும் பைப்பின் வால்வை மூடி, தொட்டித் தண்ணீரை வடித்து, அடித் தட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார். காயிலை வெளியே இழுத்தபோது கூடவே வெள்ளைச் சில்லுகள் பக்கெட்டில் சரசரவென்று கொட்டின. காயிலின் செம்பு கண்ணிலேயே படவில்லை. விரல் பருமனுக்குச் சுண்ணாம்பு மூடியிருந்தது. அம்மா ஒரு சில்லை எடுத்துப் பார்த்து, “வெந்நித் தவலை அடியில இருக்குமே, அதுதான?” என்றார். மாமா சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி அதன்மேல் பிழிந்தார். நுரைத்துக்கொண்டு பொங்கியது.

கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏற ஏறக் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, அதிகச் சூடான இடத்தில், அதாவது காயில்மேல், படிகிறது. படிவு கனக்கக் கனக்கச் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயிலுக்குள்ளேயே தங்குகிறது. காயிலின் வெளிக்குழாய் செம்பு. அதற்குள் சூடாகும் கம்பி. இரண்டுக்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு பொடி, கரண்டை வெளியே விடாமலும் சூட்டை மட்டும் விட்டும் காக்கிறது. அளவுக்கு மீறிய சூட்டில் செம்புக் குழாய் மயிரிழையாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே ஈரம் பொடிக்குள் புகுகிறது. ஈரம் பட்ட பொடி பிறகு காவல் காக்காது. எங்கள் கீசரின் காயிலைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, வளைவில் கறுத்துப்போய் ஒரு கோடு தெரிந்தது. கிட்டத்தட்ட நடுவில்.

உப்புத் தண்ணீர் செய்த வேலை அதோடு நிற்கவில்லை. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கரண்டைச் சுலபமாகக் கடத்தும். தொட்டிக்கு வந்த கசிவைக் குழாய்வரை கொண்டுவந்தது அதுதான். குளியலறையில் பாதி பி.வி.சி. பைப் இருந்தும் அம்மாவின் விரலுக்கு எட்டியதற்குக் காரணம் தண்ணீரே. தொட்டிக்குள் நிற்கும் மக்னீசியக் கம்பி, ஆனோடு என்பார்கள், அதையும் தின்று தீர்த்திருந்தது. வெறும் எஃகுத் தண்டு மட்டும் மிச்சம். தொட்டியின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே வைக்கப்படுவது அது. 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடு அரிக்காமலிருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் அதனோடு சேர்த்துப் பார்த்தார். அந்த யோசனைதான் இன்று நம் குளியலறைப் பெட்டிக்குள் தொங்குகிறது. எங்கள் தண்ணீர் போன்ற ஊர்களில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து, காயிலைச் சுரண்டி, கம்பியைப் பார்த்துவிடச் சொன்னார் மாமா. குளிக்க 50, 55 டிகிரி போதும், திருகியைக் கடைசிவரை திருப்பி வைக்காதீர்கள், சூடு கூடினால் சுண்ணாம்பும் கூடும் என்றார்.

புது காயில், புதுக் கம்பி, வாசர் எல்லாம் மாட்டினார். சூடு ஏறும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறதே, அதையும் மாற்றலாமா என்று கேட்டேன். சொட்டட்டும் என்றார். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65-க்குச் சூடாகும்போது கால் லிட்டர் அளவு பெருகும். உள்ளே வந்த தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு மூடியிருப்பதால், பெருகியது வெளியேற அந்தச் சொட்டுத்தான் வழி. தரையெல்லாம் ஈரம் என்று சிலர் அங்கே எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் உயர்ந்தது. “தெர்மோஸ்டாட்டும் மாட்டிக்கிட்டு, கட்-அவுட்டும் வேலை செய்யலன்னா அந்தப் பெட்டி வெடிக்கும்ப்பா. குண்டு மாதிரி போகும். சொட்டுக்கு ஒரு டியூப் மாட்டிச் சாக்கடைக்கு விட்டுட்டுப் போக வேண்டியதுதான?” சூடாக்காதபோதும் நிற்காமல் ஒழுகினால்தான் வால்வு பழுது.

எர்த்துக்குப் புதுக்குழி பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற பக்கம், வாழைக்கு அருகில் தோண்டினோம். மண் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். இரண்டு ஆள் நாள் முழுக்கக் கடப்பாரை போட்டார்கள். எங்கள் பக்கம் கொஞ்சம் ஆழம் போனாலே பாறை தட்டும். எட்டடிக்குக் கொஞ்சம் கூட, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறங்கியது. அடுக்கடுக்காகக் கரி, கல்லுப்பு, கரி, கல்லுப்பு. கசிவைக் குழாய்வரை கடத்திவந்த அதே உப்பை மூட்டையாக வாங்கிவந்து குழியில் கொட்டினோம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கரண்டை மண்ணுக்குள் இறக்க அதுதான் வேண்டும். மேலே சின்னத் தொட்டி கட்டி மூடி போட்டோம். இனி யாரும் டைல்ஸ் ஒட்ட முடியாதபடி.

கடைசியாக மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. வந்தது, 30 மில்லி ஆம்பியர். பீஸ் கேரியர் போய் எம்.சி.பி.க்களும் வந்தன. பலர் எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்கள் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு; அதற்குப் போடும் எம்.சி.பி. 16 ஆம்பியர். மனிதன் பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிப்போக 10 மில்லி ஆம்பியர் போதும், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. அம்மாவுக்கு எறும்பு கடித்தது ஒரு மில்லி ஆம்பியர் அளவு இருந்திருக்கும். 16 ஆம்பியர் காவல்காரன் இதைக் கண்டுகொள்ளவே மாட்டான். அவன் வேலை வயர் எரியாமல் பார்ப்பது. ஆர்.சி.சி.பி. பேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமா என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் அந்த 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ தொட்டி வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள், உடனே வெட்டிவிடுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், எவ்வளவு கரண்ட்டில் மனிதக் கை இறுகுகிறது என்று தன்னார்வலர்களை வைத்து அளந்தவர். 1961-ல் அமெரிக்காவில் இந்த வகைக் கருவியை உருவாக்கியவரும் அவரே. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகளிலேயே நிலக்கசிவுக் காப்பு பற்றி இருந்தது. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் அன்று அது இருந்த வீடுகள் மிகக் குறைவு.

அதன் செலவைக் கேட்டு அம்மா தயங்கினார். மாமா, “ஒங்க வெரலு ஒவ்வொரு தடவையும் சொல்லுமாக்கா?” என்றார். வாங்கிவிட்டோம். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது இப்போது அம்மாவின் வேலை. அமாவாசையன்று என்று அவரே நாள் குறித்துக்கொண்டார், மறப்பதில்லை.

செருப்பு போடச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் உடைந்த டைல்ஸையும் அறுந்த வயரையும் பார்த்த பிறகு, தன் வீட்டு எர்த்துக் குழி எங்கே என்று தேட ஆரம்பித்தார். போர்ட்டிகோவுக்கு அடியில் இருந்தது. தெருவில் அதுபோல் இன்னும் சில வீடுகளில் மாமா அந்த வாரம் முழுக்க வேலை பார்த்தார்.

அடுத்த ஐப்பசி மழையில் ஒருநாள் காலை எங்கள் ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கிவிட்டேன், கீசர் ஓடியது, ஒன்றுமில்லை. தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டதும் மறுபடி விழுந்தது. இரண்டாவது முறை விழுந்த பிறகு தூக்கவில்லை. மாமா வந்து மோட்டார் வயரை உருவினார்: போர் பைப்பின் விளிம்பில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அந்தப் பைப்பின்மேல்தான் அம்மா தினமும் ஈரத் துணியைக் காயப்போடுவார். வயரை மாற்றினோம்.